'மேக்கப்' என்றால் பவுடர் மட்டும்தானா?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



'நம் பிள்ளைகளும் ஆங்கிலமும்' என்ற தலைப்பில் ஜார்ஜ்டவுனில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நான் பேசியதை எழுத்தாகவும் தரும்படி சிலர் கேட்டார்கள். நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

அன்று மேடைக்குப் பின்னால் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். விளக்கு ஒன்று பழுதானதால் பதிவு அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. தயாரிப்பாளர் பதற்றப்படவில்லை. வாக்கிடாக்கியில், "பரவாயில்லை, மேக் அப் பண்ணிக்கலாம்" என்றார். இழந்த நேரத்தைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்பது அவர் சொன்னதன் பொருள். ஒப்பனைக்கு உதவியாக வந்திருந்த புதுப் பெண் அதைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "சார், யாருக்கு மேக்கப்?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தத் தங்கையின் முகம் சட்டென்று வாடியதைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது. ஏனென்றால், இதே இரண்டு சொற்களிடம் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சிவப்பு மையில் வந்த பதில்

நான் மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். அம்மாவுக்கு மலாய் ஓரளவு வரும், ஆங்கிலம் வராது. டாக்டரிடம் பேச நான் உடனிருக்க வேண்டியிருந்தது. ஒன்பது நாள் கல்லூரிப் பக்கமே போகவில்லை. அதற்குள் 30 மதிப்பெண்ணுக்கான சோதனை ஒன்று நடந்து முடிந்துவிட்டது.

திரும்பிப் போனதும் காரணத்தை எழுதி, மருத்துவமனை அட்டையின் நகலையும் இணைத்து விரிவுரையாளரின் பெட்டியில் போட்டேன். இரண்டு நாளில் அந்தக் கடிதமே திரும்பி வந்தது. மேல் ஓரத்தில் சிவப்பு மையில் 'மேக் அப்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'டெஸ்ட், ஃபிரைடே, 3 பி.எம்.'

அந்த வயதில் 'மேக் அப்' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இரண்டுதான். ஒன்று முகத்துக்குப் போடுவது. இன்னொன்று, கூட்டாளிகள் அடிக்கடி சொல்லும் "டோன்ட் மேக் அப் ஸ்டோரி லா". அதாவது, கதை விடாதே. என் கடிதத்தில் முகப்பூச்சுக்கு வேலை இல்லை. ஆகவே விரிவுரையாளர் என்னைப் பார்த்து 'இது கட்டுக்கதை, வெள்ளிக்கிழமை வா, உன்னைச் சோதிக்கிறேன்' என்று எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். அப்பா ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்ததை நேரில் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

யாரிடமும் கேட்கவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். 30 மதிப்பெண்ணும் போனது. பாடத்தில் தோல்வி. அடுத்த தவணையில் அதே பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதற்கான கட்டணத்தை, உடம்பு சரியில்லாமல் வேலைக்குத் திரும்பிய அப்பாதான் கட்டினார்.

பல மாதம் கழித்து ஒருநாள் படிக்கட்டில் அந்த விரிவுரையாளர் என்னை நிறுத்தினார். "அன்றைக்கு ஏன் வரவில்லை? உனக்காகத் தனியாகக் கேள்வித்தாள் தயாரித்து ஒரு மணி நேரம் காத்திருந்தேனே" என்றார்.

அவர் அமெரிக்காவில் படித்தவர். அங்கே 'மேக் அப் டெஸ்ட்' என்றால், தவறவிட்ட மாணவனுக்காகப் பிறகு நடத்தும் மாற்றுச் சோதனை. நாம் இங்கே 'ரீப்ளேஸ்மென்ட்' என்று சொல்வதுதான் அது. அவர் எனக்குக் காட்டியது கருணை. நான் அதை அவமானமாகப் படித்தேன். மதிப்பெண் போனதைவிட, நல்ல மனிதர் ஒருவரை ஒரு தவணை முழுக்க மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஒரு சொல், பல வேலை

சரி, இந்த 'மேக் அப்' எத்தனை வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது நமக்குத் தெரிந்த முகப்பூச்சு. நாடக நடிகர்கள் வேடத்துக்கு ஏற்ப முகத்தை மாற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார்கள். சினிமா வந்த பிறகு, மேக்ஸ் ஃபேக்டர் என்ற ஒப்பனைக் கலைஞர் 1914ஆம் ஆண்டில் திரைப்பட நடிகர்களுக்கென்றே தனிப் பூச்சு ஒன்றைத் தயாரித்தார். பிறகு நடிகைகளின் ஒப்பனைப் பொருள்களைச் சாதாரணப் பெண்களுக்கும் விற்றார். 'மேக்கப்' என்ற பெயர் வீட்டுக்கு வீடு பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று மலாய் மொழியிலும் 'மெக்காப்' ஆகிவிட்டது. நாமும் 'மேக்கப் போட்டாச்சா?' என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக இருந்த வினையை ஒரே பெயர்ச்சொல்லாக்கி, அதற்கு நம்முடைய 'போடு' என்ற வினையை ஒட்டவைத்துவிட்டோம். அதனால்தான் இந்தச் சொல் காதில் விழுந்தவுடன் நமக்குப் பவுடர் டப்பா ஞாபகம் வருகிறது.

இரண்டாவது, இல்லாததை இட்டுக்கட்டுவது. 'மேக் அப் அ ஸ்டோரி' என்றால் கதை கட்டுவது. 'மேக் அப் அன் எக்ஸ்கியூஸ்' என்றால் சாக்கு சொல்வது. இதில் எப்போதும் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. தூங்கும் குழந்தைக்குப் பாட்டி அந்த நேரத்தில் மனத்தில் தோன்றியதைக் கதையாகச் சொன்னால் அதுவும் 'மேக் அப்' தான்.

மூன்றாவது, முடிவெடுப்பது. 'மேக் அப் யுவர் மைண்ட்' என்று அம்மா சொன்னால், மனத்துக்கு அலங்காரம் செய் என்று அர்த்தமில்லை. இதுவா அதுவா, ஒரு முடிவுக்கு வா என்று அர்த்தம்.

நான்காவது, சண்டை போட்டவர்கள் சமாதானமாவது. 'தே மேட் அப்' என்றால் அவர்கள் ராசியாகிவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'காய்' விட்டுவிட்டு மறுநாள் 'பழம்' விடுவார்கள் அல்லவா? அந்தப் பழம் விடுவதுதான் இது.

ஐந்தாவது, ஈடுகட்டுவது. இங்கே 'ஃபார்' என்ற சொல் கூடவே வரும். 'மேக் அப் ஃபார் த லாஸ்' என்றால் நட்டத்தை ஈடுகட்டுவது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வர முடியாத அப்பா, 'ஐ வில் மேக் இட் அப் டு யூ' என்கிறார். இதற்கு இன்னொரு நாள் உனக்கு ஈடு செய்கிறேன் என்பது பொருள். நான் உனக்குக் கதை கட்டப்போகிறேன் என்று பிள்ளை புரிந்துகொண்டால் வீட்டில் கலவரம்தான்.

ஆறாவது, விட்டதைப் பிடிப்பது. பட்டர்வொர்த்திலிருந்து புறப்படும் ரயில் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பி, வழியில் வேகமெடுத்துச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அது நேரத்தை 'மேக் அப்' செய்துவிட்டது. நம் தயாரிப்பாளர் சொன்னது இதைத்தான். நான் தவறவிட்ட சோதனையும் இந்த வகைதான்.

ஏழாவது, குறையை நிரப்புவது. ஃபுட்சால் ஆட ஓர் அணிக்கு ஐந்து பேர் வேண்டும். நான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள். ஓரமாக நிற்கும் தம்பியை இழுத்துவந்து நிறுத்துகிறோம். அவன் 'மேக் அப் த நம்பர்ஸ்'. தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது, ஒப்புக்குச் சப்பாணி. கடையில் 50 வெள்ளிப் பொருளுக்கு உங்களிடம் 45 வெள்ளி இருந்து, மீதி ஐந்தை அண்ணன் போட்டால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

எட்டாவது, பல சேர்ந்து ஒன்றாவது. பினாங்கு மாநிலம் தீவும் செபராங் பிறையும் சேர்ந்தது. இதைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் 'மேட் அப் ஆஃப்' என்பார்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 6.7 விழுக்காடு. இங்கும் 'மேக் அப்' என்ற வினையே வரும்.

ஒன்பதாவது, தயார் செய்வது. விருந்தாளிக்குப் படுக்கை விரிப்பது, பொருள்களைப் பொட்டலமாகக் கட்டுவது, டாக்டரின் சீட்டைப் பார்த்து மருந்தைக் கலந்து கொடுப்பது, எல்லாமே.

பத்தாவது, நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் பத்திரிகையின் வேலை. செய்தி, படம், விளம்பரம் ஆகியவற்றை இடம் பார்த்து அடுக்கி ஒரு பக்கமாக்குவதற்கும் 'மேக்கப்' என்றே பெயர். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், கோத்த பக்கம் சிதறாமல் இருக்கக் கயிறு சுற்றிக் கட்டிவைப்பார்கள்.

இதோடு போகவில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் பக்கம் ஒருவர் 'ஐம் மேட் அப்' என்று சொன்னால், அவர் பவுடர் போட்டிருக்கிறார் என்றோ பொய் சொல்கிறார் என்றோ நினைத்துவிடாதீர்கள். மனம் குளிர்ந்துபோனேன் என்கிறார்!

கூட வருபவரைப் பாருங்கள்

இத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வது என்று கேட்பீர்கள். செய்ய வேண்டாம். ஒருவரைத் தெரியாவிட்டால் அவர் கூட வந்திருப்பவரைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிக்கிறோம் அல்லவா? சொல்லுக்கும் அதே வழிதான்.

பக்கத்தில் முகம் வந்தால் பூச்சு. கதையோ சாக்கோ வந்தால் கற்பனை. மனம் வந்தால் முடிவு. 'வித்' என்ற சொல்லோடு ஓர் ஆளின் பெயர் வந்தால் சமாதானம். 'ஃபார்' வந்தால் ஈடு. 'ஆஃப்' வந்து முன்னால் 'மேட்' இருந்தால், சேர்ந்து அமைந்தது. நேரம், வகுப்பு, சோதனை என்று வந்தால் விட்டதைப் பிடிப்பது. என் கடிதத்தில் 'மேக் அப்' என்பதற்குக் கீழேயே 'டெஸ்ட்' இருந்தது. நான் இரண்டையும் தனித்தனி வரியாகப் படித்தேன். சேர்த்துப் படித்திருந்தால் ஒரு தவணை மிச்சமாகியிருக்கும்.

எழுதும்போதும் ஒரு கவனம் வேண்டும். வினையாக வரும்போது 'மேக்' தனி, 'அப்' தனி. பெயராக வரும்போது இரண்டும் சேர்ந்தோ, நடுவில் சிறு கோட்டோடோ வரும். பேசும்போது, பெயராக இருந்தால் 'மேக்' என்பதை அழுத்துவார்கள். வினையாக இருந்தால் 'அப்' என்பதில் அழுத்தம் விழும். நாம் இங்கே எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் பேசுகிறோம். அதனால் இந்த வித்தியாசம் நம் காதில் எளிதில் விழுவதில்லை.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு இலக்கணக் குறிப்பு. கதையை இட்டுக்கட்டினான் என்பதற்கு 'ஹீ மேட் அப் த ஸ்டோரி' என்றும் எழுதலாம், 'ஹீ மேட் த ஸ்டோரி அப்' என்றும் எழுதலாம். ஆனால் கதை என்பதற்குப் பதிலாக 'இட்' என்று போட்டால் அது நடுவில்தான் நிற்க வேண்டும். 'மேட் இட் அப்' சரி. 'மேட் அப் இட்' தவறு. 'ஃபார்' வரும் இடத்தில் இந்த விதி மாறும். அங்கே 'மேக் அப் ஃபார் இட்' என்றே எழுத வேண்டும்.

ஆங்கிலேயரே முறையிட்ட சங்கதி

இப்படி ஒரு வினையோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'இன்' போன்ற சிறு சொல் ஒட்டி, இரண்டுக்கும் தனித்தனியே இல்லாத ஒரு புதுப் பொருளைத் தருவதை ஆங்கில இலக்கணத்தில் 'ஃபிரேசல் வெர்ப்' என்பார்கள். நாம் கூட்டு வினை என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் பயன்படுத்தினார். பெயரைத் தமக்குத் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் சொன்னார்.

பெயர் வருவதற்கு முன்பே தலைவலி இருந்தது. 1755ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இந்த வகை வினைகளைக் குறிப்பிட்டு, வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் இவற்றால்தான் வருகிறது என்றார். ஆகவே நம் பிள்ளை தடுமாறுவது மந்தபுத்தியால் அல்ல. 250 ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கில அகராதிக்காரரே ஒப்புக்கொண்ட கஷ்டம் இது.

ஆங்கிலத்தில் ஏன் இப்படி? அந்த மொழிக்கு இரண்டு அலமாரி இருக்கிறது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பிரெஞ்சு, லத்தீன் வழியாக ஏராளமான கனத்த சொற்கள் வந்து சேர்ந்தன. ஈடுகட்டுவதற்கு 'காம்பன்சேட்', சமாதானமாவதற்கு 'ரிகன்சைல்', கற்பனை செய்வதற்கு 'இன்வென்ட்', அமைந்திருப்பதற்கு 'கான்ஸ்டிட்யூட்'. இவை அலுவலகத்துக்கும் பாடப்புத்தகத்துக்கும் உரியவை. வீட்டிலும் தெருவிலும் பேசுவதற்குப் பழைய ஆங்கிலத்தின் சின்னச் சின்னச் சொற்களே நின்றன. கொஞ்சம் சொற்களை வைத்துக்கொண்டு நிறைய வேலை வாங்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் பத்து வேலை பார்த்தது. 'ரன்' என்ற மூன்றெழுத்து வினைக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 645 பொருள் கணக்கிட்டிருப்பதாக 2011இல் செய்தி வந்தது.

நம் பிள்ளைகளின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் படித்த 'காம்பன்சேட்' அவர்களுக்குத் தெரியும். ஆங்கிலேயக் குழந்தை நாலு வயதில் பேசும் 'மேக் அப் ஃபார்' தெரியாது. கடினமான சொல் தெரிந்து எளிய சொல் தெரியாதபோது, நமக்கு ஆங்கிலமே வராது என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது.

நம் 'கட்டு' மட்டும் சாமானியமா?

இப்போது சற்றுமுன் நான் எழுதிய சொல்லைக் கவனியுங்கள். 'முடிவு கட்டிவிடுகிறது' என்றேன். இங்கே யார் எதைக் கயிற்றால் கட்டினார்கள்?

கருத்தரங்கில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். தமிழில் 'கட்டு' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்துக்காரர் வேடம் கட்டுகிறார். ஆங்கிலத்தில் 'மேக் அப்'. வம்பு பேசுகிறவர் கதை கட்டுகிறார். அதுவும் 'மேக் அப்'. நட்டத்தை ஈடுகட்டுகிறோம். அங்கும் 'மேக் அப்'. இப்படித்தான் என்று முடிவு கட்டுகிறோம். 'மேக் அப்' தான். மளிகைக்காரர் பொட்டலம் கட்டுகிறார். அதே 'மேக் அப்'. குறையும் பாக்கியைக் கட்டுகிறோம். அதுவும் அதே. இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது. ஆனால் சிதறியதைச் சேர்த்து முழுமையாக்குவது என்ற ஒரே எண்ணத்திலிருந்து இரண்டும் இத்தனை கிளை விட்டிருக்கின்றன. முகத்தில் சாயம், வாயில் கதை, கணக்கில் பாக்கி, எல்லாவற்றிலும் துண்டு துண்டாக இருப்பது ஒன்றாகச் சேர்கிறது.

வேடம் கட்டுவது பினாங்குக்குப் புதிதல்ல. மலாய் மேடை நாடகமான பங்சாவான் 1880களில் இந்தத் தீவில்தான் உருவெடுத்தது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பிறந்தது அது.

'அப்' என்ற சிறு சொல் செய்கிற வேலைக்கும் நம்மிடம் ஆள் இருக்கிறார். 'சாப்பிட்டான்' என்பதற்கும் 'சாப்பிட்டுவிட்டான்' என்பதற்கும் வித்தியாசம் உண்டா இல்லையா? ஒன்று சாப்பிட்டது, மற்றது சாப்பிட்டு முடித்தது. ஆங்கிலத்தில் 'ஏட்' என்பதற்கும் 'ஏட் அப்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இதுதான். நம்முடைய 'விடு' செய்வதை அங்கே பல இடங்களில் 'அப்' செய்கிறது.

இன்னும் சொல்கிறேன். 'விட்டுக்கொடு' என்கிறோம். விடுவதையும் கொடுப்பதையும் அகராதியில் தனித்தனியே பார்த்தால், இன்னொருவருக்காகத் தன் உரிமையைத் தளர்த்துவது என்ற பொருள் கிடைக்குமா? 'அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டான்' என்று தங்கை அழுகிறாள். எதைப் போட்டான், எதைக் கொடுத்தான்? தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரரை இந்த இரண்டு சொல்லோடு ஒரு மாலைப்பொழுது உட்காரவைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றி 1862ஆம் ஆண்டில் பெரிய தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்ட அமெரிக்கப் பாதிரியார் மிரன் வின்ஸ்லோவும் இந்தக் 'கட்டு' வழியாகப் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது.

ஆக, கூட்டு வினையை எப்படிப் புரிந்துகொள்வது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாத வித்தை அல்ல. இரண்டு வயதிலிருந்து தமிழில் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 'தலையைக் கட்டு', 'பணத்தைக் கட்டு', 'கதை கட்டாதே' என்று அம்மா ஒரே காலையில் மூன்று முறை சொன்னாலும் எந்தப் பிள்ளையும் குழம்புவதில்லை. கூட வரும் சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள்கிறது. அதே கண்ணால் ஆங்கிலத்தையும் பார்க்கலாம் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரே கூரையின் கீழ் தொடங்கியவை

இதைப் பினாங்கில் நின்று சொல்வதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸின் முயற்சியால் இங்கே பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளி என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016ஆம் ஆண்டில் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். இந்த மண்ணில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் படிப்பைத் தொடங்கியவை. ஒன்றை வளர்க்க மற்றதை ஒதுக்க வேண்டும் என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஊரின் சரித்திரமே பதில்.

தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலக் கூட்டு வினையை விளக்குவது எளிது. 'கட்டு'வைக் காட்டினால் 'மேக் அப்' புரியும். 'பார்த்துக்கொள்' என்பதைக் காட்டினால் 'லுக் ஆஃப்டர்' புரியும். தமிழைக் கைவிட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தப் படிக்கட்டே இல்லை.

பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும்

முடிப்பதற்கு முன் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

கைப்பேசியில் அர்த்தம் தேடும்போது 'மேக் அப்' என்று மட்டும் தட்டாதீர்கள். பெரும்பாலும் ஒப்பனைதான் முதலில் வரும். முழு வாக்கியத்தையும் தட்டுங்கள். அச்சு அகராதியாக இருந்தால் 'மேக்' என்ற சொல்லின் கீழ் தேடுங்கள். கூட்டு வினைகளை அங்கேதான் வரிசைப்படுத்தியிருப்பார்கள்.

பட்டியலாக நூறு கூட்டு வினை மனப்பாடம் செய்வது வேண்டாம். வாரம் ஒரு வினை போதும். அதன் ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் வீட்டில் நடந்த சம்பவம் ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். தன் வீட்டுச் சண்டையை வைத்து எழுதிய 'மேக் அப்' ஒருநாளும் மறக்காது.

பெற்றோர்களே, பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டால் சிரிக்காதீர்கள். நாங்கள் அன்று மேடைக்குப் பின்னால் சிரித்த மாதிரி சிரித்தால், அடுத்த முறை அது கேட்கவே கேட்காது. 1999 முதல் நடந்துவரும், பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய எம்.யூ.இ.டி. ஆங்கிலத் தேர்விலும், வேலைக்கான நேர்காணலிலும் கேட்கப் பயந்த பிள்ளைதான் முதலில் பின்தங்கும்.

பிள்ளைகளே, ஒரு வரி உங்களை அவமதிப்பது போலத் தோன்றினால், கோபப்படுவதற்கு முன் ஒரு முறை கேளுங்கள். "சார், இதற்கு என்ன பொருள்?" இதைக் கேட்க அரை நிமிடம் ஆகும். நான் கேட்காமல் விட்டதற்கு எங்கள் வீட்டில் ஒரு தவணைக் கட்டணம் ஆனது.

அந்தப் படிக்கட்டில் நடந்ததை முழுதாகச் சொல்லவில்லையே. உண்மையை விளக்கியதும் விரிவுரையாளர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நானும் இன்னும் கொஞ்சம் விளக்கமாக எழுதியிருக்கலாம்" என்றார். அதன்பின் எந்த மாணவனுக்கும் அவர் ஒற்றை வரியில் பதில் எழுதி நான் பார்க்கவில்லை. நானும் அவரிடம் சந்தேகம் கேட்காமல் ஒரு வகுப்பும் விட்டதில்லை.

கருத்தரங்கு முடிந்து கிளம்பும்போது அந்த ஒப்பனைத் தங்கையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்களே இப்படின்னா நான் பரவாயில்லை" என்றார். முகத்தில் சிரிப்பு திரும்பியிருந்தது. அன்று நாங்கள் அவருக்குச் செய்ததை அந்த ஒரு கதையாவது ஈடுகட்டியிருக்கும் என்று நம்புகிறேன்.